கழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்

சித்திரை பிறந்தால் நமக்கு இங்கே புத்தாண்டும் விஷுவும் சேர்ந்தாற்போல் வரும். இம்முறை என் மகள் கேட்டது பெயர் டாலர். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் ஒரு பொற்கொல்லரிடம் போனோம்.

ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மாதிரிகள் இருந்தன. தமிழில் இல்லை. "எழுதிக் கொடுங்கள், வெட்டித் தருகிறேன்" என்றார். தமிழ் எழுத்தே பழகாத என் பெண், பாட்டி தன்னைக் கூப்பிடும் 'செல்லம்' என்பதை நான் சொல்லச் சொல்ல எழுதினாள்.

அவர் பார்த்துச் சிரித்தார். வெட்டினால் இரண்டு புள்ளிகளும் தனியே உதிர்ந்துவிடுமாம். புள்ளி போனால் 'செலலம' ஆகிவிடுமே! கடைசியில் தகட்டில் பொறிக்கச் சொன்னோம். தமிழில் கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அணியும் முறையும் எளிதுதான். கழுத்தை ஒட்டி அட்டிகை, நான்கு விரற்கடை கீழே டாலர், அதற்கும் கீழே பாட்டியின் காசுமாலை. நீளம் வேறுபட்டால் சங்கிலிகள் அவ்வளவாகச் சிக்காது. வெயில் நாளில் டாலர் மட்டும் போதும்.

வாங்கும்போது 916 முத்திரையையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க அடையாளத்தையும் பாருங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இவை கட்டாயமில்லை. ஆகவே எடையையும் தரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

டாலரைக் கணியில் வைத்தோம். மகள் இப்போது பாட்டியின் பெயரை எழுதிப் பழகுகிறாள், புள்ளி தவறாமல்.