பழி காற்றின் மீதா?

காற்றை நம்பினால் நாடு இருளில் மூழ்கும் என்று பேசுவோர் இன்றும் உளர். சான்று கேட்டால் அவர்கள் கைநீட்டிக் காட்டுவது ஆஸ்திரேலியாவை! 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் மின்சாரமின்றித் தவித்தது. ஏறத்தாழ எட்டரை லட்சம் இணைப்புகள் ஒரே மாலையில் செயலற்றன. தலைநகர் அடிலெய்டில் போக்குவரத்து விளக்குகளும் அவிந்தன.

உடனே எழுந்தது பழிப்படலம். மாநில அரசுகள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திற்கு அளவுமீறிய இலக்கு வைத்துவிட்டன என்று சாடினார், அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல். புயலே காரணம் என்றார், அன்றைய மாநில முதல்வர் ஜே வெதரில். யார் கூற்று சரி? கட்சி பார்த்து விடை சொல்ல நாம் விரும்பவில்லை. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

அன்று பிற்பகல் அடிலெய்டுக்கு வடக்கே கடுஞ்சுழற்காற்று வீசி, இருபதுக்கும் மேற்பட்ட மின்கோபுரங்களைச் சாய்த்தது. மூன்று பெரும் மின்பாதைகள் பழுதுற்றன. பாதையில் பழுது ஏற்படும்போதெல்லாம் மின்னழுத்தம் கணநேரம் சரிந்து, பின் மீளும். அத்தகைய சரிவு இரண்டே நிமிடங்களில் ஆறு முறை நேர்ந்தது!

ஒரு சரிவைத் தாங்கிக்கொள்ளக் காற்றாலைகளுக்குத் தெரியும். ஆனால், குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்குமேல் சரிந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள், அல்லது விலகிக்கொள் என்று அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓர் எண் பதிக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தைக் காப்பதற்காக வைத்த எண் அது. அந்த எண் எட்டியதும் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் மறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, அண்டை மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்புப்பாதை வழியே மின்சாரம் வெள்ளமெனப் பாய்ந்தது. சுமை தாங்காமல் அப்பாதை துண்டிக்கப்பட்டது. மாநிலம் இருண்டது.

காற்று வீசவில்லையா? வீசியது. ஆலைகள் சுழலவில்லையா? சுழன்றன. காற்றின் நிலையாமை இதற்குக் காரணமன்று என்றே, மின்தொகுப்பை இயக்கும் அமைப்பு 2017இல் தன் இறுதி அறிக்கையில் கூறியது. காற்றாலைகள் அன்று விலகாதிருந்தால் மாநிலம் முழுவதும் இருண்டிருக்காது என்றும் அதே அறிக்கை காட்டியது. இதில் வேதனை என்ன தெரியுமா? அப்படியொரு எண் இருப்பதே தொகுப்பை இயக்குவோருக்குத் தெரியாது!

வீட்டுக்காரர் அறியாமல் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தால், ஆபத்து வேளையில் யாரை நோவது? காற்றையா? கதவையா? மறைந்திருந்த தாழ்ப்பாளை அல்லவா நோக வேண்டும்!

தெற்கு ஆஸ்திரேலியர் காற்றாலைகளை இடித்துத் தள்ளவில்லை. பதித்திருந்த எண்களை மாற்றினர். 2017இல் பெரும் மின்கலத் தொகுதி நிறுவினர். மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நான்கு சுழல் இயந்திரங்களை 2021இல் இயக்கத்திற்குக் கொணர்ந்தனர். அறிவுடையார் செயல் அது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆயிரமாயிரம் இறக்கைகள் சுழலக் காணும் நமக்கு இது அயலூர்க் கதையன்று. மின்னழுத்தம் சரியும்போதும் காற்றாலைகள் தொகுப்பை விட்டு விலகலாகாது என்று மத்திய மின்சார ஆணையம் 2013இல் விதி செய்தது. நல்ல விதி. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? ஒவ்வோர் ஆலையும் எத்தனை சரிவைத் தாங்கும்? எந்த நொடியில் விலகும்? அந்தக் கணக்கு முழுவதும் தொகுப்பை இயக்குவோர் கையில் இருந்தாக வேண்டும். மக்களும் அதைக் கேட்டறிய வழி வேண்டும்.

காற்று பொதுச்சொத்து. அது தரும் மின்சாரம் மக்கள் வாழ்வு. அவ்வாழ்வை அணைக்கவல்ல எண் எவர் பெட்டிக்குள்ளும் மறைந்திருக்கலாகாது. கேட்பது நம் கடமை. கூறுவது அவர்தம் பொறுப்பு!