மாப்பிள்ளைக்கு வைர மோதிரம்: வாங்கும் முன் நாம் கவனிக்க வேண்டியவை

தை பிறந்தால் நம் உறுப்பினர்கள் வீடுகளில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒரு பவுனில் மோதிரம் போட்டால் போதும் என்று இருந்தது. இப்போது வைர மோதிரமாகப் போட்டுவிடலாம் என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் கேட்டு வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர் விரும்பிப் போடும்போது, போடுகிற பணத்துக்குச் சரியான சரக்கு வர வேண்டும் அல்லவா?

துவரம் பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்ததும் எந்தப் பக்கத்துச் சரக்கு, புதுசா பழசா என்று சொல்லிவிடுகிறோம். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் நம் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட நாம் நகைக்கடைக்குப் போனால் மட்டும், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவர் 1,15,000 ரூபாய் கொடுத்து ஒரு வைர மோதிரம் வாங்கினார். கல்யாணப் பேச்சு தடைப்பட்டுப் போனதால் மோதிரம் வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது. தீபாவளிச் சரக்குக் கொள்முதலுக்குப் பணம் குறைந்தபோது அதை அடகு வைக்க எடுத்துப் போனார். கிடைத்தது 18,000 ரூபாய். வங்கிக்காரர் ஏமாற்றவில்லை. நகைக் கடனில் தங்கத்துக்கு மட்டும்தான் மதிப்பு. கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லை எடுத்தால், அதில் "வைர மோதிரம் 1" என்று ஒரே வரி. கல் எத்தனை, எடை என்ன, தரம் என்ன, தங்கம் எத்தனை காரட் என்று ஒன்றுமே இல்லை. இனி அவர் எதை வைத்துப் பேசுவார்? நம் கடையில் ஐம்பது மூட்டை சர்க்கரை இறக்கினால் இப்படி ஒரு பில்லை வாங்கிக்கொள்வோமா?

ஆகையால் முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். வைரம் தங்கத்தைப் போல அவசரத்துக்கு உதவும் பொருள் அல்ல. தங்கத்துக்குத் தினமும் ஒரு விலை உண்டு. யார் கொண்டு போனாலும் ஏறக்குறைய அதே விலை. வைரத்துக்கு அப்படிப் பொது விலை கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு விலை, விற்கும்போது ஒன்று, வாங்கும்போது ஒன்று. கடையின் முதலீட்டிலிருந்து எடுத்து, "பின்னால் விற்றுக்கொள்ளலாம்" என்று நினைத்து வைரம் வாங்குவது சரியல்ல. ஆசைக்கும் மரியாதைக்கும் எவ்வளவு ஒதுக்க முடியுமோ, அந்த அளவோடு நிற்பது நல்லது.

எடைக் கணக்கு

காரட் என்ற சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வருகிறது. தங்கத்துக்குக் காரட் என்றால் சுத்தம். வைரத்துக்குக் காரட் என்றால் எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். ஐந்து காரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு காரட்டை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். 50 சென்ட் என்றால் அரைக் காரட். நன்றாக வெட்டிய ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், அரைக் காரட்டுக்குச் சுமார் 5.1 மில்லிமீட்டர் இருக்கும்.

விலை எடையோடு நேராக ஏறுவதில்லை. இது நமக்குப் புதிதல்ல. முந்திரியில் 180-ஆம் நம்பருக்கும் 320-ஆம் நம்பருக்கும் கிலோவுக்கு ஒரே விலையா? பருப்பு பெரிதானால் கிலோ விலையே மாறிவிடுகிறது. வைரமும் அப்படித்தான். ஐந்து சென்ட் கல் பத்து சேர்ந்தாலும் 50 சென்ட்தான், ஒரே கல் 50 சென்ட் இருந்தாலும் 50 சென்ட்தான். ஆனால் ஒற்றைக் கல்லின் விலை பல மடங்கு கூடுதல். பல பொடிக் கற்களை நெருக்கிப் பதித்து, பார்வைக்கு ஒரே பெரிய கல் போலச் செய்த மோதிரங்கள் இப்போது நிறைய வருகின்றன. அழகாகவும் இருக்கின்றன, வாங்குவதில் தவறில்லை. "மொத்தம் அரைக் காரட்" என்று சொன்னால், எத்தனை கல்லில் என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சூட்சுமம். அரைக் காரட், ஒரு காரட் என்று முழு அளவைத் தொடும் இடத்தில் விலை ஒரு படி ஏறும். 50 சென்ட் கல்லுக்கும் 47 சென்ட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. காரட் விலையில் தெரியும். முழு அளவுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் கல்லைக் கேட்டு வாங்குவது லாபம்.

தரம்

வெட்டு, நிறம், தெளிவு, எடை என்ற நான்கையும் வைத்துத்தான் உலகம் முழுவதும் வைரத்துக்கு விலை போடுகிறார்கள். நிறத்துக்கு ஆங்கில எழுத்தில் டி முதல் இசட் வரை வரிசை. டி என்றால் துளியும் மஞ்சள் இல்லாத வெள்ளை; இறங்க இறங்க மஞ்சள் தெரியும். இந்த அளவுகோலை வகுத்தது அமெரிக்காவில் 1931-இல் தொடங்கிய ஜி.ஐ.ஏ. என்ற நிறுவனம். நாம் பதிப்பது மஞ்சள் தங்கத்தில். அதில் டி நிறக் கல்லை வைத்தால் தங்கத்தின் மஞ்சளே கல்லில் தெரியும். ஜி, எச், ஐ நிறங்களே போதுமானவை.

தெளிவு என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல் பற்றியது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்து வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று பிரிக்கிறார்கள். வி.எஸ். கல்லில் உள்ள குறை வெறும் கண்ணுக்குத் தெரியாது. வி.வி.எஸ். வாங்கினால்தான் கௌரவம் என்று விற்பவர் சொல்வார். மோதிரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கப் போகிற விருந்தாளி யாரும் இல்லை.

நம் முன்னோர்களும் இதில் கெட்டிக்காரர்கள்தான். சிலப்பதிகாரத்தில் மதுரை இரத்தினக் கடைத் தெருவைச் சொல்லும் இடத்திலேயே வைரத்தில் இருக்கக் கூடாத குற்றங்கள் பேசப்படுகின்றன. காகத்தின் கால் போன்ற கீறலும் புள்ளியும் ஆகாது என்று இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தோஷம் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் விளிம்புவரை ஓடும் கீறல் உள்ள கல், இடிபட்டால் தெறிக்கக் கூடும் என்பது உண்மை. கல்லை இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதற்குச் சம்மதிக்கும் கடையாக இருந்தால், அந்த நாட்களிலேயே வேறொரு இடத்தில் சோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்கிலும் முக்கியம் வெட்டு. ஆனால் அதைத்தான் நாம் கேட்பதே இல்லை. கல் டாலடிப்பது வெட்டினால்தான். வெட்டு மோசமானால் டி நிறக் கல்லும் கண்ணாடிச் சில்லுதான். வட்டக் கல்லில் வெட்டு "எக்ஸலண்ட்" அல்லது "வெரி குட்" என்று இருக்கட்டும். நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்கிக்கொள்ளலாம். கடை விளக்கின் கீழ் எல்லாக் கல்லும் மின்னும். வாசல் பக்கம் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

"புளூ ஜாகர்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது நம் ஊரில் நீண்ட நாள் வழக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டைன் என்ற சுரங்கத்தில் லேசான நீலம் ஓடும் கற்கள் கிடைத்தன. அதனால் வந்த பெயர். அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டுவிட்டது. பாட்டி காலத்துத் தோட்டில் இருந்தால் இருக்கும். இன்று புதிதாக வெட்டிய கல்லுக்கு அந்தப் பெயரைச் சொன்னால், பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

போலியும் லேப் வைரமும்

அமெரிக்கன் வைரம் என்பது வைரமே அல்ல. அது ஜிர்கோனியா என்ற செயற்கைக் கல். அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கும். கடையில் வைத்திருக்கும் சூடு சோதிக்கும் கருவி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். மாய்சனைட் என்று ஒரு கல் உண்டு. சூட்டுக் கருவியை அது ஏமாற்றிவிடும், அதற்கு மின்சாரச் சோதனையும் சேர்ந்த கருவி வேண்டும்.

லேப் வைரம் வேறு விஷயம். அது போலி அல்ல, இயந்திரத்தில் வளர்த்த உண்மையான வைரம். கருவி வைரம் என்றுதான் சொல்லும். கண்ணாலும் பிரிக்க முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும். சூரத்தில் ஏராளமாகச் செய்கிறார்கள். விலைதான் வேகமாக விழுந்துகொண்டிருக்கிறது. டி பியர்ஸ் நிறுவனம் 2018-இல் காரட் 800 டாலர் என்று லேப் வைர நகை விற்கத் தொடங்கியது. 2024-இல் 500 டாலராகக் குறைத்தது. 2025-இல் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. குறைந்த செலவில் பெரிய கல் வேண்டுபவர் தெரிந்தே லேப் வைரம் வாங்கலாம். அதைத் திருப்பி விற்றால் பணம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. சுரங்க வைரத்தின் விலை கொடுத்து லேப் வைரம் வாங்கிவிடுவதுதான் பெரிய நஷ்டம். அதற்குக் காப்பு, ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற வெளி ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. கல்லின் விளிம்பில் லேசரால் நுண்ணிய எண் பொறித்திருந்தால் லென்ஸில் அதை அறிக்கை எண்ணோடு ஒப்பிடச் சொல்லலாம். அறிக்கை எண்ணைக் கூடத்தின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். கடைக்காரரே தன் பெயரில் அச்சடித்துத் தரும் அட்டை அறிக்கை ஆகாது. பொடிக் கற்களுக்குத் தனித்தனி அறிக்கை இருக்காது, முழு நகைக்கும் சேர்த்து ஒன்று இருக்கும்.

பில்

ஹால்மார்க் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் இருக்க வேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய பெண்கள் மோதிரங்கள் இந்த எடைக்குள் அடங்கிவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மோதிரத்தின் மொத்த எடை 4.560 கிராம். அதில் வைரம் 30 சென்ட், அதாவது 0.060 கிராம். தங்கம் 4.500 கிராம். சாக்கு எடையைக் கழிப்பது போல இந்த 0.060-ஐக் கழிக்க வேண்டும். வைரத்தில் இது சிறு தொகைதான். பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. வைரம் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில்தான் பதிக்கப்படுகிறது. 4.500 கிராம் 18 காரட்டில் சுத்தத் தங்கம் 3.375 கிராம். அதே எடை 22 காரட்டானால் 4.122 கிராம். 18 காரட் மோதிரத்துக்கு 22 காரட் விலை போட்டுவிட்டால், ஏறக்குறைய முக்கால் கிராம் சுத்தத் தங்கத்தின் பணம் நம் பையிலிருந்து போகிறது. எழுதும்போதே பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே பில்லில் மொத்த எடை, தங்கத்தின் நிகர எடை, தங்கம் எத்தனை காரட், அன்றைய விலை, வைரம் எத்தனை கல், எத்தனை சென்ட், நிறம், தெளிவு, காரட் விலை, சுரங்கமா லேப்பா, செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். திருப்பி எடுக்கும்போது எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதையும் பில்லின் பின்பக்கம் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். "ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வரி இல்லை" என்பவரிடம் வாங்கினால் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் நீட்ட நம் கையில் காகிதம் இருக்காது. மேலும் 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2017 முதலே தடை. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது, நோட்டீஸ்தான் வரும்.

மாப்பிள்ளையும் நம் தொழிலில் இருப்பவரானால் இன்னும் ஒன்று. மூட்டையில் கைவிட்டு எடுப்பவருக்கு, உயரமாக நான்கு கொக்கிகளில் நிற்கும் கல் உதவாது. கொக்கி சணலில் மாட்டும், ஒரு நாள் கல் பருப்போடு போய்விடும். சுற்றிலும் தங்க விளிம்பு கட்டி, தாழ்வாகப் பதித்த மோதிரமே ஏற்றது. எண்ணெய் டின் தொடும் கையில் வைரம் சீக்கிரம் மங்கும். கிரீஸும் எண்ணெயும் வைரத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும். கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய பலகையில் மண்ணை ஓடவிட்டே வைரத்தைப் பிரித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கல் மங்கினால் போலியோ என்று பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, மெல்லிய பிரஷால் அடிப்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் பழையபடி டாலடிக்கும். கழுவும்போது அடியில் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்வது நல்லது.