திறந்த மூல மென்பொருளில் பயனர் பின்னூட்டம்

திறந்த மூல மென்பொருளில் பயனர் பின்னூட்டம் என்பது, ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவோர் சந்திக்கும் குறைகளையும் அவர்களது தேவைகளையும் திரட்டி, அம்மென்பொருள் அடுத்து எத்திசையில் வளர வேண்டும் என்று முடிவு செய்ய உதவும் நடைமுறையாகும். வணிக மென்பொருளில் இம்முடிவை நிறுவனம் எடுக்கிறது. திறந்த மூல மென்பொருளிலோ மூலநிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆகவே குறையைச் சொல்பவரே அதைத் திருத்துபவராகவும் ஆகலாம். ஆனால் பெரும்பாலான பயனர்கள் நிரலாளர்கள் அல்லர். அவர்கள் சொல்வதைக் கேட்க முறையான வழி இல்லையெனில், மென்பொருள் அதை எழுதியவர்களின் தேவைக்கு மட்டுமே வளரும்.

பின்னணி

1991 ஆகத்து மாதத்தில் லினசு டோர்வால்டுசு தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலில் அறிவித்தபோது, மினிக்சு என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் அதில் பிடித்தவை எவை, பிடிக்காதவை எவை என்று கேட்டார். பரிந்துரைகளை வரவேற்ற அவர், எல்லாவற்றையும் நிறைவேற்றுவதாக உறுதி தரவில்லை. இன்று லினக்சு எனப்படும் கருநிரல் இவ்வாறுதான் பயனர்களுக்கு அறிமுகமானது. கேட்பது கடமை, ஏற்பது முடிவு என்ற இந்த வேறுபாடு இன்றும் திறந்த மூலத் திட்டங்களின் அடிப்படையாக உள்ளது.

திரட்டும் வழிகள்

வழு அறிக்கை: மென்பொருள் எங்கே தவறுகிறது என்பதைப் பயனர் எழுதித் தருவது. மொசில்லா, லிப்ரெஓபிசு போன்ற திட்டங்கள் இதற்குப் பக்சில்லா என்னும் கருவியைப் பயன்படுத்துகின்றன. விக்கிமீடியா திட்டங்கள் பேப்ரிக்கேட்டரைப் பயன்படுத்துகின்றன.

விருப்பப் பட்டியல்: பயனர்கள் தேவைகளை முன்மொழிந்து, வாக்களித்து, வரிசைப்படுத்துவது.

தானியங்கித் தரவு: எந்தப் பொதி எவ்வளவு பயன்படுகிறது என்பதை மென்பொருளே அனுப்புவது. டெபியனில் இது பயனர் விரும்பினால் மட்டுமே இயங்கும். 2021-இல் ஆடாசிட்டி ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெளிநிறுவனச் சேவைகள் வழியாகப் பயன்பாட்டுத் தரவைத் திரட்டும் முன்மொழிவு வந்தபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அத்திட்டம் கைவிடப்பட்டது. தரவு திரட்டும் முயற்சியே பயனர்களின் நம்பிக்கையைக் குலைக்கக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நேரடிக் கவனிப்பு: பயனர் ஒரு பணியைச் செய்யும்போது அருகிலிருந்து பார்ப்பது. பயனர் சொல்ல மறந்ததையும், தன் தவறு என்று எண்ணி மறைத்ததையும் இது வெளிக்கொணரும்.

நல்ல வழு அறிக்கையின் இயல்பு

"தமிழ் சரியாக வேலை செய்யவில்லை" என்ற வரியைக் கொண்டு எந்த நிரலாளரும் எதையும் திருத்த முடியாது. என்ன செய்யப்பட்டது, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நடந்தது, எந்தப் பதிப்பில் நடந்தது என்ற நான்கும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள செம்மேடு என்ற ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கும் எவரும் இதில் செ, ம், மே, டு என நான்கு எழுத்துகளை எண்ணுவர். ஒருங்குறியில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். புள்ளியும் தனிக் குறியீடு. எனவே பைத்தான் மொழியில் இப்பெயரின் நீளத்தைக் கேட்டால் 8 என்ற விடை வரும். பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் காட்டும்படி எழுதப்பட்ட செயலி "செம்மே" என்பதற்குப் பதில், புள்ளி இழந்த "செம" என்று காட்டும். இச்சிக்கலைக் கையாள ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த மூல நிரலகங்கள் தமிழ் எழுத்துகளைப் பிரித்தெண்ணும் செயற்கூறுகளைத் தருகின்றன.

கொல்லிமலை என்ற சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. "கொ" என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டையும் சமமாக்கும் படிநிலை இல்லாத தேடுபொறி, ஒருவகையில் தட்டச்சிட்டவருக்கு மறுவகையில் எழுதப்பட்ட பக்கத்தைக் காட்டாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் நிரலாளர் கண்ணில் இந்த வழு ஒருபோதும் படாது. தமிழ்ப் பயனர் சொன்னால்தான் தெரியும்.

விக்கிமூலம்: வாக்கு கருவியான கதை

விக்கிமீடியா அறக்கட்டளையின் சமூகத் தொழில்நுட்பக் குழு 2015-இல் விருப்பப் பட்டியல் வாக்கெடுப்பைத் தொடங்கியது. எல்லாத் திட்டங்களும் ஒன்றாகப் போட்டியிட்டால் பெரிய விக்கிப்பீடியாக்களின் தேவைகளே மேலெழும் என்ற நிலை இருந்தது. ஆகவே 2020-ஆம் ஆண்டுக்கான வாக்கெடுப்பில் விக்கிப்பீடியா தவிர்க்கப்பட்டு, விக்கிமூலம், விக்சனரி போன்ற சிறிய திட்டங்களுக்கு இடம் தரப்பட்டது. மின்னூல் ஏற்றுமதியை மேம்படுத்துவதும், புதிய எழுத்துணரிக் கருவியை உருவாக்குவதும் தேர்வான விருப்பங்களுள் அடங்கும்.

தமிழுக்கு இவை நேரடியாகப் பயன்படுபவை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய பல நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் வருடிய படங்களாக ஏற்றப்பட்டு, தன்னார்வலர்களால் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. படத்தை உரையாக்குவது எழுத்துணரியின் வேலை. அச்சில் ரகரமும் துணைக்காலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், எழுத்துணரி பிழைத்தால் ஒவ்வொரு பிழையையும் மனிதர் கையால் திருத்த வேண்டும். கருவி சற்று மேம்பட்டாலும் பெருமளவு மனித உழைப்பு மிஞ்சுகிறது.

வாக்களிப்பின் விதி மாற்றப்பட்டதால் சிறிய சமூகங்களின் குரல் மேலெழுந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே, யாரை எவ்வாறு கேட்கிறோம் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

வராத பின்னூட்டம்

வழு அறிக்கை எழுத ஒருவருக்குக் கணக்கு, இணையத் தொடர்பு, ஓய்வு, பெரும்பாலும் ஆங்கிலமும் வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் மலையில் வாழும் ஒரு மிளகு விவசாயியும் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கலாம். அதன் அடித்தளம் லினக்சு கருநிரலே. அவர் திறந்த மூல மென்பொருளின் பயனர். ஆயினும் அவரது சிக்கல் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அறிக்கை வரவில்லை என்பதைச் சிக்கல் இல்லை என்று நிரலாளர்கள் புரிந்துகொள்வதே இதிலுள்ள ஆபத்து. சிக்கல் பதிவாகாததால் திருத்தம் வருவதில்லை. திருத்தம் வராததால் பயனர் அம்மென்பொருளைக் கைவிடுகிறார். பயனர் குறைவு என்ற காரணத்தால் அம்மொழி மேலும் பின்தள்ளப்படுகிறது. இச்சுழலை உடைக்க இடையில் ஒரு பாலம் தேவை. ஊரில் ஆசிரியரோ மாணவரோ தமிழில் குறையைக் கேட்டு, அதைத் தம் கருவியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, ஆங்கிலத்தில் பதிவு செய்யலாம். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யக்கூடிய பங்களிப்பு இது.

முன்னுரிமையும் மறுப்பும்

வந்த பின்னூட்டம் அனைத்தையும் நிறைவேற்ற எத்திட்டத்திலும் ஆள் இல்லை. பொதுவாக, தரவு இழப்பு, பாதுகாப்புக் குறை ஆகியவை முதலிலும், பலரைப் பாதிக்கும் குறைகள் அடுத்தும், புதிய வசதிகள் கடைசியிலும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரே குறையைச் சொல்லும் அறிக்கைகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. ஏற்கப்படாத கோரிக்கைக்குக் காரணம் எழுதப்படுவது முக்கியம். பதிலே பெறாதவர் இரண்டாம் முறை எழுதுவதில்லை.

கருத்து வேறுபாடு தீராதபோது திறந்த மூலத்தில் இறுதி வழி ஒன்று உண்டு. 2011-இல் குநோம் 3 தன் முகப்பை முற்றிலும் மாற்றியபோது, பழைய அமைப்பை விரும்பியோர் குநோம் 2-இன் மூலநிரலிலிருந்து மேட் என்ற பணிச்சூழலைக் கிளையாகப் பிரித்து வளர்த்தனர். கிளை பிரியும் உரிமை இருப்பதால் பராமரிப்போர் பயனர்களை நெடுங்காலம் புறக்கணிக்க முடிவதில்லை. எனினும் அவ்வுரிமை நிரல் எழுதவல்லோருக்கே முழுமையாகக் கைகொடுக்கும். மற்றவர்களுக்குத் தெளிவாக எழுதப்பட்ட ஒரு வழு அறிக்கையே உரிமைக் கருவியாக அமைகிறது.