அட்டையில் ஒரு மலை! அதன் மேல் ஒரு வீடு!

வீடு கட்டுவது விளையாட்டு அல்ல. ஒரு குடும்பத்தின் ஆயுள் காலச் சேமிப்பு அதில் அடங்கி இருக்கிறது. கட்டி முடித்த பிறகு, "ஐயோ, மாடிப்படியில் தலை இடிக்கிறதே!" என்று அலறி என்ன பயன்? சுவரை இடித்து விடலாம். போன பணம் திரும்புமா?

அதனால்தான் கட்டிடக் கலை மாணவர்கள் முதலில் மாதிரி வீடு கட்டிப் பழகுகிறார்கள். ஒன்று அட்டையில். மற்றொன்று கம்ப்யூட்டரில்!

குட்டி மலை

வேலூரில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில், சவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அது போன்ற ஒரு மலைச்சரிவில் வீடு கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிலப்படத்தில் வளைந்து வளைந்து கோடுகள் ஓடும். ஒரு கோடு போகும் இடம் எல்லாம் ஒரே உயரம். புது மாணவருக்கு அது வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

ஒவ்வொரு கோட்டின் வடிவிலும் அட்டையை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால்? மேஜை மீது குட்டி மலை எழுந்து நிற்கும்! மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு மண்ணை வெட்ட வேண்டும் என்பது பார்த்ததும் புரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வித்தை

கம்ப்யூட்டர் வீட்டுக்குள் மாணவர் 'நடந்து' போகலாம். சித்திரை மாத வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும் என்றும் பார்க்கலாம். ஜன்னலை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

ஆனால், திரையில் வரைந்த வீட்டுக்குப் பாரம் கிடையாது. தூணே இல்லாத மாடிகூட அந்தரத்தில் நிற்கும்! அட்டை ஏமாற்றாது. தாங்கல் போதாவிட்டால் தொப்பென்று சரிந்துவிடும். ஆகவே இரண்டும் வேண்டும்.

தலைகீழ்க் கோவில்

ஸ்பெயின் நாட்டில் கௌடி என்ற கட்டிடக் கலை மேதை, ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கு விசித்திரமான மாதிரி செய்தார். நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் சின்னஞ்சிறு ஈயக்குண்டுப் பைகளைக் கட்டினார். நூல்கள் தாமாகவே வளைந்தன. அந்த வளைவைத் தலைகீழாகத் திருப்பினால், பாரம் தாங்கும் கல் வளைவு! இதற்கு அவருக்கு சுமார் 10 ஆண்டுகள் ஆயின.

மரத்தில் வள்ளுவர்

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கன்னியாகுமரியில் 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, பீடத்துடன் 133 அடி உயரம். அதை அமைத்தவர் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குத் தலைவராக இருந்து மாணவர்களைப் பயிற்றுவித்தவர். அவ்வளவு அனுபவம் இருந்தும், அவர் உடனே கல்லில் கை வைக்கவில்லை. முதலில் 40 அடி உயரத்தில் மரத்தால் மாதிரிச் சிலை செய்து பார்த்தார். இடுப்பு வளைந்து நிற்கும் சிலை ஆயிற்றே!

நீங்களும் செய்யலாம்

வீடு கட்டப் போகிறீர்களா? ஒரு அடிக்கு 1 சென்டி மீட்டர் என்று கணக்கு வைத்து, பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டிப் பாருங்கள். 10 அடி அறைக்கு 10 சென்டி மீட்டர் அட்டை. கட்டிலையும் பீரோவையும் அதே அளவில் செய்து உள்ளே வையுங்கள். கதவு திறக்குமா, கட்டிலில் இடிக்குமா என்று வீட்டுப் பெண்களும் குழந்தைகளும்கூடச் சொல்லிவிடுவார்கள்.

தவறு இருந்தால் நஷ்டம், ஒரு அட்டையும் கொஞ்சம் பசையும்தான்!