தொழிலாளர் நஷ்டஈடும் சம்பள ருஜுவும்

யந்திரத்தில் கை அகப்பட்டு விரலை இழந்த தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தரக் கடமைப்பட்டவர் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. இக் கடமையை இங்கிலாந்தில் 1897-ம் வருஷத்திலும், நமது தேசத்தில் 1923-ம் வருஷத்திலும் சட்டமாக்கினார்கள். நமது சட்டம் 1924 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நடந்த அச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல், 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினும் அதன் அடிப்படை மாறவில்லை. தொழிலாளி வாங்கிவந்த சம்பளம் எவ்வளவோ, அதைக் கொண்டே நஷ்டஈடு நிர்ணயமாகிறது. ஆகையால், சம்பளத்தை ருஜுப்படுத்த இயலாத தொழிலாளி, தமக்குச் சட்டம் அளித்ததில் ஒரு பெரும் பங்கை விசாரணைக்கு முன்பே இழந்துவிடுகிறார்.

இது வெறும் வார்த்தையன்று, கணக்கைப் பார்ப்போம். 35 வயதுள்ள ஒருவர் அச்சழுத்தும் யந்திரத்தில் கட்டை விரலை இழந்ததாகக் கொள்வோம். அவர் கையில் வாங்கிய சம்பளம் மாதம் 12,000 ரூபாய். கம்பெனியின் பதிவேட்டிலோ 8,000 என்றே எழுதியிருக்கிறது. நிரந்தரமாக முற்றும் வேலைசெய்ய இயலாமற் போனவருக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை அவர் வயதுக்குரிய எண்ணால் பெருக்கி வருவதே நஷ்டஈடு. 35 வயதுக்கு அட்டவணை விதிக்கும் எண் 197.06. கட்டை விரலை இழந்தால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் போயிற்று என்பது அட்டவணையின் மதிப்பு. இவ்விதம் கணக்கிட்டால் 12,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 4,25,649 ரூபாய் கிடைக்கும்; 8,000 ரூபாய்க்கு 2,83,766 ரூபாயே கிடைக்கும். விரல் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். பதிவேட்டில் எழுதிய ஒரு பொய்யினால் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு 1,41,883 ரூபாய் நஷ்டம்.

சம்பளத்தைக் கணக்கிடச் சட்டம் மூன்று வழிகளை வகுத்திருக்கிறது. விபத்துக்கு முன் 12 மாதம் இடைவிடாமல் வேலைபார்த்தவருக்கு, அந்தப் பன்னிரண்டு மாதத்துச் சம்பளத்தையும் கூட்டிப் பன்னிரண்டில் ஒரு பங்கு எடுக்கவேண்டும். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு, அதே முதலாளியிடம் அதே வேலையைச் செய்த வேறொருவரின் சம்பளத்தையும், அப்படி ஒருவர் இல்லையேல் அதே வட்டாரத்தில் அவ்வேலை செய்பவரின் சம்பளத்தையும் பார்க்கவேண்டும். இவ்விரண்டிலும் சேராதவர்களுக்கு, கடைசியாகத் தொடர்ந்து வேலைபார்த்த காலத்தில் ஈட்டிய தொகையை 30-ஆல் பெருக்கி, அக் காலத்தின் நாட்களால் வகுக்கவேண்டும். 14 நாளுக்கு மேற்படாத விடுப்பு தொடர்ச்சியை முறிப்பதில்லை. எனவே, எவ்வளவு வாங்கினார் என்பதோடு, எத்தனை நாள் தொடர்ந்து வந்தார் என்பதற்கும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

சம்பளம் என்ற சொல்லுக்கும் புதிய தொகுப்பு புதிய இலக்கணம் கூறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அதில் சேரும்; வீட்டு வாடகைப்படி, மிகைநேரக் கூலி முதலியன சேரா. ஆயினும், இவ்வாறு ஒதுக்கும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பாகம் சம்பளமாகவே கருதப்படும். பெயருக்கு ஒரு சிறு தொகையைச் சம்பளம் என்று எழுதி, மீதியைப் படி என்று பிரித்துக் காட்டும் சூழ்ச்சிக்கு இது ஒரு தடை. ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதை முதலில் ருஜுப்படுத்தினால்தானே அந்தத் தடை பயன்படும்?

ருஜு எங்கிருந்து வரும்? சம்பளச் சீட்டும் பாங்குக் கணக்குப் புத்தகமும் இருந்தால் அவையே சிறந்தவை. அவை இல்லாதவர்களே நம்மிடையே அதிகம். மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கூலி வாங்கும் கட்டட வேலைக்காரரும், பட்டறைகளில் வாரக் கூலி பெறுவோரும் வெறுங்கையுடன்தான் விசாரணைக்கு வருகிறார்கள். இவர்களுக்கும் வழி உண்டு. கைத்தொலைபேசி மூலம் வந்த பணத்தின் குறிப்பு, வேலைக்கு வரும்போது கொடுத்த அடையாள அட்டை, மேஸ்திரியின் நோட்டுப் புத்தகம், சங்கம் செய்துகொண்ட கூலி ஒப்பந்தம், உடன் வேலைபார்த்தோரின் சாட்சியம் ஆகிய யாவும் விசாரணையில் எடுபடக்கூடியவை. வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் முதலாளி கொண்டுவந்து காட்டும்படி உத்தரவிட அதிகாரியிடம் மனுச் செய்துகொள்ளலாம். தம் வசமுள்ள பதிவேட்டை அவர் மறைத்தால், அது அவருக்கே பாதகமானதென்று ஊகிக்கவும் இடமுண்டு. கண்டிராக்டர்மூலம் வேலைக்கு வந்தவர், வேலையை ஒப்படைத்த மூல முதலாளியிடமிருந்தே நஷ்டஈடு கோரலாம். எந்த ருஜுவும் கிட்டாவிட்டால், அவ்வேலைக்குச் சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலியாவது அடிப்படையாக வேண்டும் என்று வாதிடவேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு அந்த ஸ்தாபனமே உதவித்தொகை தரும். முதலாளியிடம் இந்த நஷ்டஈட்டைக் கோர இயலாது. ஆதலின் முதலில் அதை விசாரித்து அறியவேண்டும். மற்றொன்று, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போதே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, சிறு தொகையைக் கொடுத்து முடித்துவிடும் வழக்கம். நஷ்டஈட்டு உரிமையைக் கைவிடுவதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்பதே 1923 முதல் நமது சட்டத்தின் கொள்கை. ஆனால் அச் சீட்டில் குறைந்த சம்பளத்தை எழுதி ஒப்பம் வாங்கிவிட்டால், பின்னால் அதுவே தொழிலாளிக்கு எதிரான சாட்சியாகிவிடும். படித்துக் காட்டாத காகிதத்தில் கையெழுத்திடலாகாது.

விபத்து நடந்த இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது விதி. நஷ்டஈடு உரியதாகி ஒரு மாதத்துக்குள் முதலாளி செலுத்தாவிட்டால், 12 சதவிகித வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்ததற்காகப் பாதித் தொகை வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. இவையும் சம்பளத்தின்மேல் எழும் கணக்குகளே. அடித்தளம் குறைந்தால் யாவும் குறையும்.

ஆகையால் தொழிலாளர் சங்க ஊழியர்களுக்கு நாம் சொல்லவேண்டியது இது. விபத்து நடந்தபின் கண்டனக் கூட்டம் போடுவது எளிது. அதற்கு முன்பே ஒவ்வோர் அங்கத்தினரிடமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கும்படி செய்யவேண்டும். வேலைக்குச் சென்ற தேதி, வேலை நடந்த இடம், வாங்கிய கூலி, கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் வாரந்தோறும் அதில் எழுதச் செய்து, சங்கத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளவேண்டும். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கட்டும். நமது தொழிலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன் பெற்ற உரிமை, இந்த நான்கு வரிகள் இல்லாத குறையினால் பாதியாகத் தேய்ந்துபோவதை இனியும் பார்த்துக்கொண்டிருப்பது தகாது.