பிரதேச சபைப் பணத்தில் நம் பெண்களுக்கும் பங்கு உண்டு

கொவிட்-19 நோய் பரவிய 2020ஆம் வருஷம் மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்த பிள்ளைகள் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினார்கள். ஒரே காம்பிராவில் ஆட்கள் கூடினார்கள், வருமானம் குறைந்தது, சண்டை வளர்ந்தது. அடி வாங்கிய பெண் எங்காவது போகலாம் என்றால் பஸ்ஸும் ஓடவில்லை.

இப்படியான காலத்தில், பெண்களுக்கு உதவுகிற சங்கங்களுக்கு உள்ளூராட்சி சபைகள் பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் நடந்தது

2021 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சட்டம் கொண்டுவந்து, மாநிலங்களுக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் 35,000 கோடி டொலர் ஒதுக்கினார்கள். எல்லா வேலையையும் சபைகளே செய்ய வேண்டும் என்றில்லை. இலாப நோக்கமில்லாத சங்கங்களுக்கு அதிலிருந்து மானியம் கொடுக்கவும் இடம் இருந்தது. வீட்டில் அடிபட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்தும் சங்கங்களும் பல இடங்களில் இப்படி உதவி பெற்றன. எந்த வீட்டில் எந்தப் பெண் கஷ்டப்படுகிறாள் என்பது கந்தோரை விட ஊர்ச் சங்கத்துக்குத்தானே நன்றாகத் தெரியும்!

ஆனால் கணக்கில் கண்டிப்பு இருந்தது. 2024 டிசம்பர் 31க்குள் எந்த வேலைக்கு என்று பணத்தை ஒதுக்கிவிட வேண்டும், 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

இங்கே யாரிடம் போவது?

நம்மில் பலர் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றாக நினைக்கிறோம். இரண்டும் வேறு. செயலகம் அரசாங்கக் கந்தோர். 2020 ஏப்ரல், மே மாதங்களில் கிடைத்த 5,000 ரூபாய் உதவி கிராம சேவகர், சமுர்த்தி உத்தியோகத்தர் வழியாக வந்தது. பிரதேச சபையோ நாம் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்வது.

அந்தச் சபையிடம் கேட்டால் முன்பு என்ன பதில் வரும்? "தோட்டம் கம்பனிக் காணி, நாங்கள் கை வைக்க முடியாது" என்பார்கள். 1987ஆம் வருஷத்துப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத்தான் காரணம் காட்டுவார்கள். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்டங்களுக்கும் சபை நிதியைச் செலவிடலாம். அதே வருஷம் நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் புதிதாக வந்தன. ஆகவே பழைய பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரத் தேவையில்லை.

மாதர் சங்கம் செய்ய வேண்டியது

1. சங்கத்தை முறைப்படி பதிவு செய்யுங்கள். செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விபரம் கேட்கலாம்.

2. சங்கத்தின் பெயரில் பேங்குக் கணக்கு, கூட்டக் குறிப்புப் புத்தகம், வரவு செலவுப் புத்தகம் வைத்திருங்கள்.

3. "உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பெண்கள், என்ன தேவை, எவ்வளவு செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உதவி தேவைப்படும் பெண்ணின் பெயரை மட்டும் அதில் போட வேண்டாம். லயத்தில் கதை பரவினால் அவளுக்குத்தான் ஆபத்து.

4. சபையின் வரவு செலவுத் திட்டம் வருஷக் கடைசியில் வரும். அதற்கு முன்பே உங்கள் உறுப்பினரிடம் கடிதத்தைக் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு உண்டு. பெண் உறுப்பினர் இருந்தால் அவரையும் பாருங்கள்.

பணம் வரும் வரை காத்திருக்காதீர்கள்

வீட்டில் அடி, மிரட்டல் நடந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசலாம். உடனே ஆபத்து என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. 2005ஆம் வருஷத்து 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்ணின் சார்பில் பொலிசாரும் கேட்கலாம். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கூட நீதவான் கட்டளையிட முடியும்.

"குடும்ப விசயம், நமக்கென்ன" என்று பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர்கள் கதவை மூடிக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். கடிதத்தையும் அன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.