உங்களுக்குத் தெரியுமா? உடலின் நாரைக் குலைக்கும் உலோகங்கள்

● தோல், தசைநாண், எலும்பு, இரத்தக்குழாய் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பது இணைப்புத்திசு. அதிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நாரைச் சுரக்கின்றன. அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குவது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. செம்பு இல்லாமல் அது இயங்காது.

● காட்மியம் இந்த நொதியின் செயலைக் குறைப்பதை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிணைப்பு தளர்ந்தால் நுரையீரலின் மீள்தன்மையும் கெடும். சிகரெட் புகையில் காட்மியம் உண்டு. சிறுநீரகத்தில் சேர்ந்தால் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு பிடிக்கும்.

● கொலாஜனை உருவாக்கும் இன்னொரு நொதிக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் தேவை. இரும்பின் இடத்தில் கோபால்ட்டோ நிக்கலோ அமர்ந்துவிட்டால் அது முடங்கும்.

● 1970-களில் பினாங்கின் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்தது. கோலா ஜூரு மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. பிறகு அதே மீனவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் என்ற சிப்பியை வளர்த்தார்கள். பினாங்கின் பெருமைக்குரிய கதை இது. ஆனால் கெராங் சேற்றில் வாழ்ந்து, நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரில் உள்ள உலோகம் அதன் சதையில் சேரும். சார் கொய் தியாவ் நூடுல்ஸ் தட்டில் விழும் கெராங் நன்றாக இருக்க வேண்டுமானால் முதலில் ஆறு நன்றாக இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காட்மியம் போகாது.

● பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. அங்கே உருவான மின்னணுப் பலகைகளில் அக்காலத்துப் பற்றாசு வெள்ளீயமும் ஈயமும் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல்தான் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. உடலில் சேரும் ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்தில் மறுபடி இரத்தத்துக்கு வரும்.

● சில முகவெண்மை கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் டைரோசினேஸ் நொதியை அது தடுக்கிறது. அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். முகத்தில் பூசியவரோடு நிற்பதில்லை, அவர் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் ஒட்டும். கடைத்தெருவிலோ இணையத்திலோ பெயர் தெரியாத கிரீமை வாங்குமுன், மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதன் அறிவிப்பு எண்ணைச் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள்.